மகஸேனும் மேகசினும்

ஆவடி ராணுவக் கிடங்கின் வாசலில் தினமும் காலையில் சிப்பாய் ஒரே கேள்வியைக் கேட்கிறான், எங்கே போகிறாய் என்று. நானும் ஒரே பதிலைச் சொல்கிறேன், மேகசின். வெடிமருந்தும் தோட்டாவும் அடுக்கிவைத்த கட்டடத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் அது. அதைச் சொல்லும்போதெல்லாம் என் மூக்கில் புதுத்துணியின் கஞ்சி வாசனை அடிக்கிறது. நாலு வருஷமாகியும் போகவில்லை. காரைக்காலில் இதை வாசிப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பிரெஞ்சுக்காரர் வாயில் மகஸேன் என்றால் கடை.

சைகோனில் நம்மூர் முதலாளி ஒருவரின் துணி மகஸேனில் பதினோரு வருஷம் நின்றேன். அங்கேயே லான் என்ற அந்த ஊர் அன்னாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். மகள் தெரேஸுக்கு நாலு வயதானபோது, ஊரில் என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குள் சண்டை கடலை மூடிவிட்டது. காரைக்காலில் பிழைக்க வழியில்லாமல், எல்லைச் சாவடியில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு இந்த இங்கிலீஷ்காரன் பக்கம் வந்தேன்.

கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் மனு எழுதினேன். முன் அனுபவம் என்ற இடத்தில் ‘மேகசின், சைகோன், பதினோரு வருஷம்’ என்று போட்டேன். அதைப் படித்த துரையின் முகம் மாறியது. அப்போது சைகோன் ஜப்பான்காரன் கையில் இருந்தது.

“அங்கே என்ன சரக்கு வைத்திருந்தாய்?”

“பட்டு, பாப்லின், சீட்டித்துணி, ஐயா.”

பக்கத்திலிருந்தவரிடம் அவர் ஏதோ சொன்னார். நான் சங்கேத மொழி பேசுகிறேனாம். இரண்டு நாள் காவல் அறை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். யார் வந்தாலும் அதே கேள்வி, அதே பதில். பதில் எவ்வளவு உண்மையாக இருந்ததோ அவ்வளவு சந்தேகம் வளர்ந்தது. மூன்றாம் நாள் கோவாவைச் சேர்ந்த தட்டச்சு குமாஸ்தா ஒருவர் என் மனுவைப் பார்த்துவிட்டுத் துரையிடம் போய்ப் பேசினார். பிரெஞ்சில் இது வெறும் கடை. எங்கள் போர்த்துகீசியத்தில் அர்மஸேம் என்போம், சாதாரணக் கிடங்கு என்று விளக்கினார். துரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை அந்த மேகசினிலேயே பெட்டி அடுக்குகிறவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் ரயிலடிப் புத்தகக் கடையில் ஒரு வெள்ளைக்காரி இதே சொல்லைச் சொல்லி ஒரு வாரப் பத்திரிகையை வாங்கிப் போனாள். ஒரே சொல்தான். ஊருக்கு ஊர் அதற்குள் வேறு சரக்கு.

என்னோடு பெட்டி தூக்குகிற முனுசாமி பட்டாபிராம் பக்கத்து ஆள். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்.

“நீ இன்னா வேணா சொல்லிக்கோ அண்ணாத்தே. எனக்கு இது எங்க நெலம். வேர்க்கல்ல போட்டுகினு இருந்தோம். இப்போ அதுமேல கட்னவன்கிட்டயே கூலிக்கு வந்துகினு கீறேன்.”

அவன் அடுத்த பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன்.

சண்டை ஓய்ந்தது. கப்பல் மட்டும் எனக்குக் கிடைத்தபாடில்லை. சைகோனில் இப்போது வேறு கலகமாம். காரைக்காலில் இருக்கும் சித்தப்பா மகன் வழியாக நான் அனுப்பியவற்றில், மகஸேனில் வேலை என்று எழுதிய ஒரு கடிதம் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. போன மாதம் பதில் வந்தது. கன்னியர் பள்ளியில் படிக்கும் தெரேஸ் குண்டு குண்டான பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தாள். ‘அப்பா, நீங்கள் வேலை செய்கிற மகஸேன் பெரியதா? அங்கே என்ன விற்கிறீர்கள்? எனக்கு நீலத்தில் ஒரு கவுனுக்குத் துணி அனுப்புவீர்களா?’

“இன்னா எழுதிக்கீது பொண்ணு?” என்றான் முனுசாமி.

“கடையில என்ன விக்கிறேன்னு கேக்குறா.”

“இன்னா சொல்லப்போற?”

“துணின்னுதான்.”

அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். துணிக்கும் ரேஷன் வைத்த கண்ட்ரோல் காலம், நல்ல துணி கண்ணில் படுவதே அபூர்வம். மூன்றாவது கடையில் ஒரு நீலம் இருந்தது. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஓடாது. இத்தனை வருஷத்தில் மறக்காத ஒரே வித்தை. கடைக்காரர் முழக்கோலை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“பாப்பா இன்னா ஒசரம் இருக்கும்?”

என் கை தானாக இடுப்புக்குக் கீழே போய் நின்றது. நான் விட்டுவிட்டு வந்த உயரம் அது. அப்புறம் இடுப்புக்கு வந்தது. ஐந்து வருஷம் ஆயிற்றே என்று மார்புவரை உயர்த்தினேன். லான் குள்ளம், நான் நெட்டை. இவள் யாரைக் கொண்டு வளர்ந்தாளோ. கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. காற்றில் எந்த இடத்தில் நிறுத்துவதென்று தெரியாமல் கையை நீட்டியபடி அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.