சப்போர்ட் கிடையாது, அண்ணாச்சி

நேற்றுக் காலை தேங்காய்ச் சட்னிக்கு நடுவில் எங்கள் வீட்டு மிக்ஸி உயிரை விட்டது. மோட்டார் காந்திய வாடை சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தபோது என் மனைவி சோகமாக நின்றுகொண்டிருந்தாள். நானோ சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எந்த மனைவிக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எனக்கு அது மிக்ஸி வாடையே இல்லை. ஐதராபாத்தில் நான் வேலை பார்த்த சினிமா கிராஃபிக்ஸ் கம்பெனியில், ஏசி மக்கர் பண்ணும் மதியங்களில் கம்ப்யூட்டர்களின் முதுகிலிருந்து கிளம்பிய வாடை. அந்த வாடைக்கு அங்கே நான்தான் அதிகாரி.

பதவியின் பெயர் சிஸ்டம் அட்மின். குகட்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பாதிப் பேர் கழுத்தில் அட்டை தொங்கிய காலம். என் கழுத்திலும் ஒன்று தொங்கியது. அவர்கள் அமெரிக்க பாங்குக்கு ப்ரோகிராம் எழுதப் போனார்கள். நான் அம்மன் சூலத்திலிருந்து தீ பறக்கவைக்கப் போனேன். சரியாகச் சொன்னால், தீ பறக்கவைப்பவர்களுடைய கம்ப்யூட்டர் அணையாமல் பார்த்துக்கொள்ள. சாத்தூரில் அப்பாவுக்கு இதை விளக்கப் பார்த்து, பாதியில் "கம்ப்யூட்டர் கம்பெனிப்பா" என்று முடித்துக்கொண்டேன்.

அந்தத் தீயை உண்டாக்கும் சாஃப்ட்வேர் வெளிநாட்டுச் சரக்கு. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஏகப்பட்ட நிபந்தனைகள். கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் என்றால் குறிப்பிட்ட ஒரு வெர்ஷன்தான். படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற கிராஃபிக்ஸ் கார்டு என்றால், தொழில் செய்பவர்களுக்கென்று விற்கிற ஒசத்தி மாடல்தான். கார்டை ஓட்டுகிற டிரைவர் ப்ரோகிராமிலும் அவர்கள் சொன்ன நம்பர்தான். மூன்றில் ஒன்று பிசகினாலும் போனில் "நாட் சப்போர்ட்டட்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.

எங்கள் முதலாளி செகந்திராபாத் மார்க்கெட்டுக்குப் போய், வீடியோ கேம் ஆடுகிற பையன்கள் வாங்கும் கார்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். "லோபல சிப் ஒகட்டே கதா!" என்றார். உள்ளே இருக்கிற சிப் ஒன்றுதானே என்பது அவர் கட்சி. வாஸ்தவம்தான். ஒரு தாய் பெற்ற அண்ணன் தம்பிதான். என்ன, அண்ணன் ஆபீசர், தம்பி ஊர்சுற்றி. அப்படியும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் கை வைக்கும்வரை.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மன் படத் தயாரிப்பாளர் வருவதாக இருந்தது. வேலை இழுத்துக்கொண்டே போகிறது, எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தவர். முதலாளி காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஸ்க்ரீன்ல அம்மவாரு தெரியலேன்னா நாளைலேர்ந்து ஆபீஸ்ல நீ தெரிய வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அன்பாகச் சொன்னார். எனக்குக் கல்யாணமான புதிது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டுக்கு காஸ் கனெக்‌ஷனே போன வாரம்தான் வந்திருந்தது.

இந்த நிலைமையில், அம்மன் குடியிருந்த கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. புது அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா? புதுசு என்றால் நல்லதுதானே. தவிர, புது மாப்பிள்ளை. எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அழுத்தினேன். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தபோது அம்மனைக் காணோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ ஓடி, நின்று, கண்ணைச் சிமிட்டியது.

அதன் பிறகு நான் ஆற்றிய பணிகள்: ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். வேறு ஒயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டருக்குள் சிக்கிக்கொண்ட அம்மனைக் காப்பாற்றச் சொல்லி அந்த அம்மனையே வேண்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா. அம்மனுக்குத் தீ போட்டவள் அவள்தான். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்திலேயே இருக்கிற தமிழ் ரயில்வே குடும்பம். அவள் தமிழில் ஊர் உருதுவும் கலந்திருக்கும்: 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"கைக்கு மேன் இப்படி வேர்க்குது உனக்கு? சப்போர்ட்டுக்குப் போன் போடேன்."

போட்டேன். "ஹலோ, திஸ் இஸ் கெவின்" என்று சூயிங்கம் மெல்லுகிற இங்கிலீஷில் ஒரு குரல். விவரம் கேட்டுவிட்டு, என்ன கார்டு என்றான். ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஸ்டெல்லா பக்கம் திரும்பினேன்.

"இந்த வெள்ளக்காரன்ட்ட ஒசந்த கார்டுன்னே சொல்லிருதேன். அவன் என்ன, ப்ளேன் ஏறி வந்தா பாக்கப் போறான்?"

"ஹவ், சொல்லு. லேபிள் கேட்டா கிழிஞ்சிருச்சுன்னு சொல்லு."

கையை எடுத்தேன். எதிர்முனையிலிருந்து சூயிங்கம்மைத் துப்பிவிட்ட குரல் வந்தது.

"அண்ணாச்சி, பொத்துனா ஒழுங்காப் பொத்தணும். வெரல் சந்துல எல்லாம் கேக்கு."

"யாரு?" என்றேன். என்ன ஒரு கேள்வி!

"கெவின்தான். ஊரு கோவில்பட்டி. நீங்க சாத்தூர்ப் பக்கமோ?"

"சாத்தூரேதான். தம்பி, உங்க நெசப் பேரு..."

"ஆபீஸ்ல கெவின். அதோட விடுங்க. அந்தக் கார்டுக்கு சப்போர்ட் கிடையாது அண்ணாச்சி. வைக்கணும்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ. தயாரிப்பாளர், முதலாளி, சென்னை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தம்பி, காஸ் கனெக்‌ஷன் போன வாரம்தான் வந்துச்சு!"

அவனுக்கு என்ன புரிந்ததோ. "ஒங்க செல் நம்பரச் சொல்லுங்க. டீக்கடைலேருந்து கூப்பிடுதேன். டீ குடிக்கையில பேசுறது கம்பெனிப் பேச்சு இல்ல" என்றான்.

பஸ் ஹாரனுக்கும் கண்ணாடி கிளாஸ் சத்தத்துக்கும் நடுவிலிருந்து அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பழைய லினக்ஸ் அழியாமல் உள்ளேயேதான் படுத்திருக்கிறது, அதை எழுப்பி, சாஃப்ட்வேர்க்காரர்கள் சொன்ன டிரைவரை அதன் தலையில் ஏற்ற வேண்டும். பதற்றத்தில், "ஸ்பேஸ்" என்று அவன் சொன்னதை எழுத்துக்கூட்டி அடித்துவைத்தேன். "எடம் விடச் சொன்னேன் அண்ணாச்சி. எதுக்கு எஸ் பி ஏ சின்னு கட்டடம் கட்டுதீங்க?"

கடைசியில் அம்மன் வந்தாள். எல்லாக் கைகளோடும், சூலத்தோடும், ஸ்டெல்லாவின் தீயோடும் வந்தாள். வராதது ஒன்றே ஒன்று, மவுஸின் அம்புக்குறி. மவுஸ் வேலை செய்தது. அம்பு மட்டும் கண்ணில் படவில்லை.

"அது ஒசந்த கார்டுக்குன்னு எழுதுன டிரைவர். ஒங்க கார்டுல அம்பு தெரியாது. டீ முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்று வைத்துவிட்டான். வாசலில் தயாரிப்பாளரின் கார் கதவு சாத்துகிற சத்தம்.

"நக்கோ டென்ஷன்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா குருட்டாம்போக்கில் மவுஸை நகர்த்தினாள். ஒரு இடத்தில் குறி தவறி, அம்மனின் கிரீடம் எகிறி மூலையில் போய் நின்றது. அதுவும் கிராஃபிக்ஸ் என்று நினைத்துத் தயாரிப்பாளர் கைதட்டினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏமண்டி, ஆ பாணம் குர்த்து எக்கட?" அம்புக்குறி எங்கே என்கிறார்.

மூளையைக் கேட்காமலே என் வாய் பதில் சொன்னது. "லேட்டஸ்ட் சார். நோ ஆரோ டெக்னாலஜி."

ஸ்டெல்லா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். தயாரிப்பாளர் முதலாளி பக்கம் திரும்பி, இது சென்னையில்கூட இல்லையே என்றார். அடுத்த படமும் உங்களுக்குத்தான் என்றார். என் வேலை பிழைத்தது.

மறுநாள் காலை முதலாளியின் உத்தரவு: எல்லா கம்ப்யூட்டரிலும் அம்பை எடுத்துவிடு.

மறுபடி போன். "திஸ் இஸ் கெவின்." அம்பை மறைப்பது எப்படி என்று கௌரவமான இங்கிலீஷில் விசாரித்தேன். ஒரு இருமல் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "நேத்து அம்பு வரலேன்னு அழுதீங்க."

"இன்னைக்கு இருந்தா அழுவேன், தம்பி."

"அதுக்கும் சப்போர்ட் கிடையாது அண்ணாச்சி."

ஆர்ட்டிஸ்டுகள் அடிக்க வந்ததால், அம்பில்லாக் கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் விருந்தாளிகளுக்காக முன்னறையில் வைத்து முதலாளியைச் சமாதானப்படுத்தினோம்.

அப்புறம் ஒரு நாள் போனில் "திஸ் இஸ் பிரையன்" என்று வந்தது. கனைத்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றேன். "பார்டன்?" என்றது. நிஜமாகவே பிரையன்தான். கெவின் எங்கே போனான் என்று விசாரிக்க என்னிடம் அவன் பெயர்கூட இல்லை.

இப்போது அந்தக் கம்பெனி மாடியில் ஜிம் நடக்கிறது. ஸ்டெல்லா மெல்போர்னில். நான் இன்னும் அதே வேலைதான்; சாஃப்ட்வேர்தான் எந்த நாட்டிலோ, யாருடைய மெஷினிலோ வாடகைக்கு ஓடுகிறது. காந்தினாலும் எனக்கு வாடை வராது. கூப்பிட நம்பர் கிடையாது. சப்போர்ட் கேட்டால் ஆளில்லாத ஒரு சாட் பெட்டி திறந்து, என்ன கார்டு என்று எழுத்தில் கேட்கிறது. போன மாதம் அதனிடம், என்னிடம் இல்லாத கார்டின் பெயரை, ஒசந்த மாடலாகவே பார்த்து, அடித்துவைத்தேன். நன்றி, அதற்கு முழு சப்போர்ட் உண்டு என்று உடனே நம்பிவிட்டது.

அடுத்த வரியை அடிக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.