அம்மா கையில் வைத்த சாவி

வீட்டுப் பூட்டைத் திறந்ததும் என் உள்ளங்கையில் இரும்பு வாடை. கோவில்பட்டியில் அம்மாவின் கையும் இப்படித்தான் மணக்கும்.

அவளுக்கு வலிப்பு வந்தால் தெருவே ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும். வலிப்பு நின்றதும் கூட்டம் கலைந்துவிடும். பிறகு நாள்கணக்கில் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். அதற்கு யாரும் வரமாட்டார்கள்.

ஒரு பகலில் அதையும் வலிப்பு என்று நினைத்து, நானே சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“இது வலிப்பு இல்லட்டி. எந்திரிக்க மனசே வரமாட்டேங்கு.”

சாவியோடு என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

எனக்கும் இப்போது வலிப்பு உண்டு, மாத்திரையில் அடங்குகிறது. மற்றது அடங்கவில்லை. உள்ளே போய்ப் படுக்காமல், வாசலிலேயே நின்று தங்கச்சிக்குப் போன் செய்தேன்.

“ஏட்டி, கொஞ்சம் வாரியா? வலிப்பெல்லாம் வரல. ஆனாலும் வா.”