அத்தையின் இங்கிலீஷ் மன்றாட்டுகள்

எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் குறுக்கே ஒருவர் பேசுவார். அப்பா தக்காளி விலையை ஆரம்பித்தால் அம்மா மாவு தீர்ந்துபோனதைச் சொல்வாள். அம்மா மாவைப் பற்றிப் பேசினால் நான் பள்ளிக்கூடத்துச் சண்டையை இழுப்பேன். யாரும் குறுக்கிட முடியாத நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லும் நேரம். ஒருவர் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தன் காரியத்துக்கு வளைத்துக்கொண்டவள் என் அத்தை. அவள் மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் மாரண்டஹள்ளியில் பஸ் ஏறினாள் என்றால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. நடுவில் நின்றவை இரண்டு. ஒன்று, இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டிய பரீட்சை. இன்னொன்று, அப்பா.

பரீட்சைக்குப் படிப்பதில் அப்பாவுக்கு மறுப்பில்லை. "கத்துக்கறதுக்கு என்னா, கத்துக்கட்டும்" என்பார். வெளிநாடு என்ற பேச்சு வந்தால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அத்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல மாட்டார். அத்தைக்குப் பெற்றவளின் முகம்கூட நினைவில்லை. அவளுக்குத் தலைவாரி, சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அப்பாதான். ஆகவே அவரை மீறுவது என்ற யோசனையே அவளுக்குக் கிடையாது. அம்மாவிடம் அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அண்ணன் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நான் போவ மாட்டேன் அண்ணி. அதான் கேக்காமயே இருக்கேன்."

பரீட்சையில் ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார்களாம். ஆபத்து நேரத்தில் உங்களுக்கு உதவக்கூடிய ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் சந்தித்தே ஆக வேண்டிய ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அத்தை சிக்கிக்கொண்டது அந்த 'ஒருவரிடம்' தான். தமிழில் உதவக்கூடியவர் என்று சொன்னால் ஆளும் அவர் குணமும் ஒரே மூட்டையாக வந்துவிடுகிறது. இங்கிலீஷில் ஆளை முதலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்புறம் 'ஹூ' என்று ஒரு கொக்கி போட வேண்டும். அந்தக் கொக்கியில் அவர் செய்ய முடிந்தவரா, செய்தே தீர வேண்டியவரா, ஒருவேளை செய்யலாம் என்பவரா, தலைகீழாக நின்றாலும் செய்யாதவரா என்பதையெல்லாம் கேன், மஸ்ட், மைட், வோன்ட் என்று பார்த்துப் பார்த்து மாட்ட வேண்டும். அத்தை கொக்கி வரைக்கும் வந்துவிடுவாள். "எ பர்சன் ஹூ..." என்பாள். அங்கேயே நின்றுபோவாள். எப்பேர்ப்பட்ட நோயாளிக்கும் ஊசி போடும்போது நடுங்காத கை அவளுடையது. வாய்தான் நடுங்கும்.

வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகலாம் என்றால் விடுவோமா நாங்கள்? அவள் 'ஹூ' என்று நிறுத்தினால் போதும், அம்மா அந்த இடைவெளியில் "கறிவேப்பில வாங்கியாந்தியா?" என்பாள். அப்புறம்தான் ஒரு சாயங்காலம், ஜெபமாலை முடிந்து அவள் முறை வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நடக்க முடியாதவர்களுக்காக, இரவு முழுக்க விழித்திருந்தே ஆக வேண்டியவர்களுக்காக என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். நடுவில் வெகுநேரம் நின்றாள். யாரும் குறுக்கே பேசவில்லை. பேச முடியாதே. கடைசியில் "வி ப்ரே டு தி லார்ட்" என்று முடித்தாள்.

நாங்கள் முழித்தோம். ஜெபத்துக்கு வழக்கமாக வரும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் சமாளித்தார். அவர் கண்ணைத் திறக்காமலே, பழக்கத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். நாங்களும் பின்னாலேயே சொன்னோம். அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. அத்தை என்ன வேண்டினாள் என்று தெரியாது, லார்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் ஒரே குரலில் கேட்டருளும் என்போம்.

"ஏங்கண்ணு, இங்கிலீசுல வேண்டுனா மாதாவுக்குப் புரியுமா?" என்று பெரியம்மா மட்டும் ஒருநாள் சந்தேகப்பட்டார்.

"மாதாவுக்கு எல்லாப் பாசையும் தெரியும் பெரிம்மா" என்றாள் அத்தை.

மாதாவை விட்டால் அங்கே அவள் இங்கிலீஷ் புரிந்த ஒரே ஜீவன் நான்தான் என்பது என் எண்ணம். நான் இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன், சாதாரணமா? அம்மா எட்டாவதோடு நின்றவள். பெரியம்மா பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு வயதான தம்பதிக்குக் கார் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்களை மாதா கோயிலுக்கு அழைத்துப்போய், கூடவே உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு அழைத்து வருவாராம். பெங்களூர் என்றால் கன்னடம். ஆகவே அப்பாவுக்குக் கன்னடம் தெரியும். என் கணக்கு அதோடு முடிந்தது.

யாருக்கும் புரியவில்லை என்ற தைரியம் வந்ததும் அத்தைக்குக் குறும்பும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஆட்களையெல்லாம் வேண்டித் தீர்த்தபின் வீட்டு ஆட்கள் மேல் கை வைத்தாள். குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்திருக்க வேண்டியவருக்காக ஒருநாள் வேண்டினாள். குழம்பில் உப்புப் போட முடிந்தும் போட மாட்டாதவருக்காக இன்னொரு நாள். அதற்கு எங்கள் அம்மா கைகூப்பி, உருக்கமாக, கேட்டருளும் என்றாளே பார்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை கண்ணைத் திறக்காமலே என் தொடையைக் கிள்ளினாள்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த மன்றாட்டுகள் பலித்தன. மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளை அந்த வாரமே அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து சரிசெய்துவிட்டார். தக்காளிப் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்க முடிந்தவருக்கு, பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மட்டும் முடியவில்லையே என்று அத்தை வேண்டினாள். அடுத்த நாள் பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அப்பா கையில் மல்லிகைப்பூ இருந்தது. "காலைல சட்னி நல்லா இருந்துது" என்று வேறு சொன்னார். அம்மா அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

ஆண்டவருக்குத் தமிழைவிட இங்கிலீஷ்தான் சீக்கிரம் கேட்கிறது என்று நான் முடிவு கட்டினேன். சோதித்துப் பார்க்க நானும் ஒருநாள், கலர் பென்சில் பெட்டி கிடைத்தே ஆக வேண்டிய ஒரு சிறுமிக்காக, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமை பெட்டி வந்துவிட்டது. உப்பு மன்றாட்டு ஒன்றுதான் பலிக்கவில்லை. அம்மாவின் கையை ஆண்டவராலும் திருத்த முடியாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை நாள் நெருங்கியது. பெங்களூரில், ஒரு சனிக்கிழமை. பென்னாகரத்துக்காரர்கள் அதற்கு அடுத்த நாளே பூ வைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பூ வைத்தாகிவிட்டால் வெளிநாட்டுப் பேச்சுக்கே இடமில்லை. அத்தை சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு சும்மா பிசைந்துகொண்டிருப்பாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவும்போது கேட்டேவிட்டாள்.

"ஏங்க, அந்தப் புள்ளைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஜெபத்துக்கு நேரமாச்சு" என்றார் அப்பா.

மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தோம். ஜெபமாலை முடிந்தது. பெரியம்மா தன் முழங்காலுக்காக வேண்டினார். அப்பா வழக்கம்போல மழைக்காக. அம்மா எல்லோருக்காகவும். அடுத்து அத்தை.

அன்றைக்கு அவள் கொக்கியில் நிற்கவே இல்லை. "ஃபார் தி ஒன் ஹூ குட் ஸ்டாப் மீ" என்று ஆரம்பித்தவள் தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் மாதிரி போய்க்கொண்டே இருந்தாள். என்னைத் தடுத்துவிடக் கூடியவருக்காக. ஒரு வார்த்தையில் தடுக்க முடியும் என்று தெரிந்தும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருப்பவருக்காக. எனக்கு அம்மாவாக இருக்க வேண்டிவந்தவருக்காக. நான் போனால் தோட்டத்தில் தனியாக நின்று அழக்கூடியவருக்காக, அதை யாரிடமும் சொல்ல மாட்டாதவருக்காக. அவருடைய பயத்தை எடுத்துவிடும், நான் திரும்பி வருவேன் என்று அவருக்குச் சொல்லும். வி ப்ரே டு தி லார்ட்.

வார்த்தைகள் எனக்குப் புரிந்தன. இத்தனை சரளமாகப் பேசுகிறாளே, பாஸாகிவிடுவாள் என்று சந்தோஷப்பட்டதில் மற்றது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. எல்லோரோடும் சேர்ந்து, கேட்டருளும் என்றேன்.

அப்பாவின் குரல் மட்டும் அதில் இல்லை. விடியுமுன் எழுந்து தக்காளி பறித்தவர், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, மாதா படத்தைப் பார்த்தபடியே, தனியாகச் சொன்னார்.

"லார்ட், ஹியர் அவர் ப்ரேயர்."

அத்தை சட்டென்று கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அத்தை துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். "புள்ளைக்கு என்னா ஆச்சு?" என்று பெரியம்மா பதறினார். கடைசிப் பாட்டை அன்று அப்பாவே எடுத்தார். சுருதி எங்கேயோ போனது.

சாப்பிடும்போது அப்பா உப்பு ஜாடியைத் தன் பக்கம் நகர்த்தி, குழம்பில் ஒரு கிள்ளு போட்டுக்கொண்டே அத்தையிடம் சொன்னார். "பென்னாகரத்துக்காரங்களுக்கு இப்ப வேணாம்னு சொல்லிட்றேன். சனிக்கிழம உன்ன நானே கூட்டிட்டுப் போறேன் பாப்பா. எனக்குத் தெரியாத ரோடா அது."

சனிக்கிழமை காலை பஸ் ஏறுமுன் நான் அத்தையின் காதில் ரகசியம் சொன்னேன். "பாத்தீங்களா அத்த, உங்ககிட்ட கேட்டுக் கேட்டு அப்பாவும் ஒரு வரி கத்துக்கிட்டாரு." அத்தை சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. என் கன்னத்தைப் பிடித்து ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அத்தை பாஸானாள். போனாள். சொன்னபடி வருஷம் தவறாமல் வருகிறாள். இன்றைக்கு அவள் வீடியோ காலில் அங்கிருப்பவர்களோடு இங்கிலீஷில் வெளுத்து வாங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெழுகுவர்த்தி வெளிச்சம்தான் ஞாபகம் வரும்.

என் காரியம்தான் சரியாக வரவில்லை. அவர்கள் பெங்களூரிலிருந்து திரும்பாத அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் பெரியம்மாவும் நானும் மட்டும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அத்தையின் இடத்தில் உட்கார்ந்து, ஒரு சிவப்பு சைக்கிள் கிடைத்தே ஆக வேண்டிய சிறுமிக்காக, கேன், மஸ்ட், வில் எல்லாவற்றையும் போட்டு இங்கிலீஷில் வேண்டினேன். பெரியம்மா முன்னெப்போதும் இல்லாத சத்தத்தில் கேட்டருளும் என்றார். சைக்கிள் வரவே இல்லை. பக்தியில் குறையா, இங்கிலீஷில் குறையா என்று வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா இல்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.