மஞ்சள் குளிசையும் மாமியும்

அன்று காலை மாமி முகமெல்லாம் சிரிப்போடு கிணற்றடியிலிருந்து வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் கணவரின் தாய் அவர். செட்டிபாளையத்தில் எங்களோடுதான் இருக்கிறார். "இஞ்ச வா புள்ள, மூத்திரமெல்லாம் மஞ்சள் மஞ்சளாப் போகுது. நீ சொன்ன ஈஸ்ட்ரஜன் கழுவுப்பட்டுப் போகுது!" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அது வெறும் விற்றமின் நிறம் என்று சொல்லாமலேயே ஓடிவிட்டேன்.

மாமிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் அந்த நோயை மறுபடி கிளறாமலிருக்க டொக்டர் ஒரு வெள்ளைக் குளிசை கொடுத்திருந்தார். வருடக்கணக்கில் போட வேண்டியது. அதைப் போட்டால் உடம்பு தீயாய்க் கொதிக்கிறது என்று மாமி புலம்புவார். வாய்ப்புண்ணுக்கென்று விற்றமின் பி மஞ்சள் குளிசையும் இருந்தது. நான் விஞ்ஞான ரீச்சர். வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே, ஈஸ்ட்ரஜனை உடைத்து வெளியேற்றுவது ஈரல்தான், அந்த வேலைக்கு பி6, பி12, ஃபோலேட் எல்லாம் கைகொடுக்கின்றன என்று பெரிய பாடமே எடுத்தேன். சொன்னது சரிதான். மருந்துக்கு அது ஈடாகாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அரிசி வாளிக்குள் வெள்ளைக் குளிசை அட்டைகள் அப்படியே கிடந்ததைக் கண்டேன். "ஏன் மாமி போடல்ல?" என்று கேட்டேன்.

"மறுகா என்னத்துக்குப் புள்ள ரெண்டு? மஞ்சள்தான் கழுவுதே. நீ படிச்ச புள்ள, பொய்யா சொல்லுவாய்?"

அந்த மஞ்சள், உடம்புக்குத் தேவைப்படாமல் மிஞ்சிய விற்றமின் என்றும், ஈரல் எவ்வளவு கழித்தாலும் ஈஸ்ட்ரஜன் உடம்பில் இருந்துகொண்டேயிருக்கும், அது நோயைக் கிளறாமல் தடுப்பது வெள்ளைக் குளிசைதான் என்றும் அழுதழுது சொன்னேன். மாமி என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் குரலை உயர்த்தி, "ஆர் நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமி என் தொடையில் நுள்ளினார். "ஒருத்தரும் இல்ல ஐயா, நான்தான் சூடு தாங்காம உட்டுட்டன்."

நான் விடவில்லை, என் பாடத்தை முழுதாக ஒப்புக்கொண்டேன். டொக்டர் எனக்கும் நன்றாக ஏச்சுக் கொடுத்தார். நல்ல காலம், கட்டி திரும்ப வந்திருக்கவில்லை. இப்போது வெள்ளைக் குளிசையைத் தினமும் நான்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன்.

அன்று வெளியே வந்ததும் மாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "நீ ஏன் குறுக்க வந்தாய்? என்ட மருமகள ஏசுறதெண்டா நான் மட்டும்தான் ஏசோணும்!"

இன்றுவரை அவர் என்னை ஒருநாளும் ஏசியதில்லை.