மாதா ஏறாத மாடி

ஜெபம் செய்துதான் நான் ஒரு பெண்ணை அவமானப்படுத்தினேன்.

முழங்காலில் நின்றேன், கண்களை மூடினேன், கைகளைக் குவித்தேன். அவளும் அதே அறையில், அதே பாயில், எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தாள். கடவுளிடம் பேசுகிறவனைப்போல ஊரிடம் பேசினேன். ஊர் கேட்டது. கடவுள் கேட்டாரா? கேட்டிருக்கக் கூடாதே என்றுதான் இன்றைக்கும் நடுங்குகிறேன்...

நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் தேற்ற வரலாம். வராதீர்கள். தேற்ற வருகிறவர்களையும் நான் சந்தேகிக்கிறவன்.

மந்தைவெளியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். அடையாறில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். கவிதைக்கும் உரைநடைக்கும் நடுவே எதையாவது எழுதுவேன், கிழிப்பேன், மறுபடி எழுதுவேன். எங்கள் தெரு அன்பியத்தின் பொறுப்பாளன். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களைத் தெருத்தெருவாகப் பிரித்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோமே, அதற்குத்தான் அன்பியம் என்று பெயர். பெயரிலேயே அன்பை வைத்துவிட்டார்கள். மீதியை எங்களிடம் விட்டுவிட்டார்கள்!

விவிலியத்தின் ஞானநூல்கள் எனக்கு உயிர். படிப்பதோடு நிற்காமல் வாழ்ந்து காட்டுகிறவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம். மாட வீதியில் தக்காளி வாங்கினால் தராசில் ஒளிரும் எண்ணை உற்றுப் பார்ப்பேன்; கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பல்லவா! யாருக்கும் ஜாமீன் நிற்கமாட்டேன். அதற்கும் எச்சரிக்கை உண்டு. புகழ்ந்து பேசுகிறவன் கால்களுக்கு வலை விரிக்கிறான் என்று வாசித்த நாள் முதல், யாராவது என் கட்டுரை நன்றாக இருக்கிறது என்றால் என் கால்களைத்தான் பார்த்துக்கொள்வேன்.

எச்சரிக்கைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். அதே நூல்களில், சில வேளை அதே பக்கத்தில், நாவைக் காத்துக்கொள் என்றும் இருந்தது, அயலானுக்கு நன்மை செய்யத் தாமதிக்காதே என்றும் இருந்தது. என் விரல் அங்கே நிற்கவில்லை.

தெருவில் என்னை ஞானமுள்ளவர் என்றார்கள்.

அப்போதுதான் ரெஜினா குடிவந்தாள்.

நாற்பதை ஒட்டிய வயது. எதிர்ச்சாரியில் ஒரு வீட்டின் மாடிப் பகுதி. கூடவே அவளுடைய அம்மா, வலப்பக்கம் முழுக்க வாதத்தில் விழுந்தவர். ரெஜினாவுக்குக் கோடம்பாக்கத்தில் வேலை. சினிமாவுக்கும் சீரியலுக்கும் பின்னணிக் குரல் கொடுப்பவள். வேறு யாரோ அழுவார்கள், இவள் குரல் அழும்.

முதல் கூட்டத்திலேயே சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "டப்பிங் எப்போ முடியும்னு சொல்ல முடியாதுண்ணா. முடிஞ்சதும் கம்பெனி வண்டியில கொண்டுவந்து விட்டுடுவாங்க. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு கம்பெனி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா ஒரு குரல் குடுப்பேன், ஓடி வாங்க."

கேட்டீர்களா? வண்டிகளைப் பற்றி அவளே சொன்னாள். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை... பொய்! வைத்துக்கொண்டேன். நன்றாகவே வைத்துக்கொண்டேன்.

அன்றைய வாசகத்தை யாராவது புதியவர் வாசிக்கட்டும் என்று என் மனைவி அமலி சொன்னாள். வாசிப்பது எப்போதும் நான்தான். ஆனாலும் பெருந்தன்மையோடு புத்தகத்தை ரெஜினாவிடம் நீட்டினேன். அவள் வாசித்தாள்.

என்னத்தைச் சொல்ல! பழகித் தேய்ந்த சொற்கள், நான் ஆண்டுக்கணக்காக ஓதிய சொற்கள், அவள் வாயில் அப்போதுதான் பிறந்து ஈரத்தோடு வெளியே வந்தன. கடைசி வீட்டு லாசர் (நொச்சிக்குப்பத்துக்காரன், மீன் ஏலம் போடுகிறவன், ஜெபக்கூட்டத்தில் வழக்கமாகத் தூங்குகிறவன்) நிமிர்ந்து உட்கார்ந்தான். முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தான். "இன்னா வாத்தியாரே, இத்தினி நாளா இதே புக்குதான் நீயும் படிச்சிக்கினு இருந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னுள்ளே ஏதோ ஒன்று சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் ரெஜினாவே வாசித்தாள். நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். ஜெபத்தில் அவள் குரல் தழுதழுத்தால், இது எத்தனையாவது ஒத்திகை என்று கேட்டுக்கொள்வேன். அழுகையைக் கூலிக்கு விற்கிறவள் கடவுளிடம் மட்டும் இலவசமாக அழுவாளா? தேனொழுகும் உதடுகளைக் குறித்து ஞானம் எச்சரிக்கிறதே! அந்த எச்சரிக்கையை எழுதிய கை இவளையே மனத்தில் வைத்து எழுதியதாக எனக்குத் தோன்றியது.

மாலையில் பால்கனியில் நிற்பேன். வெள்ளை வண்டி. மறுநாள் சாம்பல் நிறம். ஓட்டுபவன் வேறு, முன்னிருக்கையில் இருப்பவன் வேறு. யார் இவர்கள்? ஏன் இறங்கும்போது கையசைக்கிறாள்? விழித்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழித்திருங்கள் என்றுதானே ஆண்டவரும் சொன்னார்! ஆண்டவர் சொன்ன விழிப்புக்கும் ஜன்னலோரத்து விழிப்புக்கும் வித்தியாசம் தெரியாத மூடனா நான்? தெரியும்...

ஜெபமாலை மாதம் வந்தது.

அக்டோபர் முழுக்க எங்கள் தெருவில் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடுவீடாகப் போகும். ஒரு நாள் ஒரு வீடு. மறுநாள் மாலை, அந்த வீட்டின் தலைவர் சுரூபத்தைத் தம் கைகளில் ஏந்திப் பவனியாக நடந்து, அடுத்த வீட்டாரின் கைகளில் கொடுக்க வேண்டும். கையிலிருந்து கைக்கு. நடுவில் மேசைகூடக் கிடையாது. அதுதான் எங்கள் வழக்கம்.

என் வீட்டுக்கு அடுத்த முறை ரெஜினாவின் வீடு.

ஒரு வாரம் முன்பிருந்தே அவள் அமலியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், என்ன பூ, என்ன துணி என்று. "அம்மா கோயிலைப் பாத்தே வருஷமாச்சுக்கா. நான்தான் போக முடியல, மாதாவே என்னைப் பாக்க வராங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க. சொல்றது எனக்கு மட்டுந்தான் புரியும். புதுப் புடவை வேற எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க!"

என் வீட்டில் மாதா இருந்த அந்த மாலை. ஜெபமாலை முடிந்து மன்றாட்டுகள் தொடங்கின. யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஒரு வேண்டுதல் சொல்லலாம். முடிவில் எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்போம்.

நான் சொன்னேன்:

"இரக்கமுள்ள ஆண்டவரே, இனிய குரலால் மயங்கிப் போகாதபடி எங்கள் குடும்பங்களைக் காத்தருளும். வேறு வேறு வாகனங்களில், வேறு வேறு மனிதர்களோடு வீடு திரும்பும் எங்கள் சகோதரிகளுக்கு நல்வழியைக் காட்டும் என்று உம்மை மன்றாடுகிறோம்."



பிறகு எல்லோரும் சொன்னார்கள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ரெஜினாவும் சொன்னாள்! பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது, பாதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கடைசிச் சொல் உடைந்ததை நான் கேட்டேன். அப்போதும் என்ன நினைத்தேன் தெரியுமா? நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு அமலி சுண்டல் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அது மன்றாட்டா, சுவரொட்டியா?"

"நான் யார் பேரையும் சொல்லல."

"ஆமா. பேர் ஒண்ணுதான் சொல்லல."

அதற்குள் என் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. "நீங்க சொன்னது சரிதான் சார்... எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு... அந்த வீட்டுக்கு மாதாவை எப்படி..." நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படி குறுகல், சுரூபம் ஏற்ற முடியாது என்று ஒரு காரணம் எங்கிருந்தோ முளைத்தது. யார் விதைத்தது? என்னைப் பார்க்காதீர்கள்... சரி, பாருங்கள்.

மறுநாள் மாலை பவனி கிளம்பியது. சுரூபம் என் கைகளில். மெழுகுதிரிகள், மாதா பாட்டு, குறுக்கே புகுந்து ஒலியெழுப்பும் ஸ்கூட்டர்கள். எதிர்ச்சாரியில் மாடிப்படியின் அடியில் ரெஜினா நின்றாள். தலையில் முக்காடு, கையில் எரியும் திரி. மேலே ஜன்னலோரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். புதுப் புடவையில், தலையணைகளில் சாய்ந்தபடி அவளுடைய அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் நெருங்கியதும் ரெஜினா திரியைப் படியில் ஊன்றிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"படி குறுகலா இருக்கும்மா," என்றேன். "அப்புறம் பாக்கலாம்."

நடந்தேன்.

பின்னாலிருந்து லாசர் கத்தினான். "இன்னா வாத்தியாரே, இந்த வூட்ட வுட்டுட்டுப் போற? அவுங்க அம்மாவையே நாற்காலியோட நாந்தான் இந்தப் படியில தூக்கினு ஏறினேன். மாதா ஏற மாட்டாங்களா?"

பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். ஆம், என் குரலைத்தான் கூட்டினேன். அன்றைக்கு மட்டும் அது அவள் குரலைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் அந்த அம்மா இடக்கையால் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டிருந்தார், மெதுவாக, கை வழுக்கி வழுக்கி. முகத்தில் வருத்தமே இல்லை. மாதா தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவார் என்று நினைத்திருக்கிறார்.

ரெஜினா என்ன செய்தாள் தெரியுமா? திரியை எடுத்துக்கொண்டு பவனியின் கடைசியில் சேர்ந்துகொண்டாள். அடுத்த வீட்டில் எங்களோடு முழு ஜெபமாலையும் சொன்னாள். அதையும் நான் சந்தேகித்தேன். நல்லவளாகக் காட்டிக்கொள்கிறாள் என்று!

சில நாள் கழித்து அமலியிடம் மட்டும் சொன்னாளாம். "நாளைக்கு வருவாங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்கா. தினமும் அதே புடவைதான் கேக்குறாங்க."

அக்டோபர் முடிந்தது. சுரூபம் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பங்குத்தந்தை கொடுத்திருப்பார். ஒரு ஆட்டோவில் கொண்டுவந்து அந்த மாடியில் ஒரு மணிநேரம் வைத்திருக்கலாம். எத்தனை எளிது! ஆனால் கொண்டுபோனால் படி அகலமாகிவிடுமே... காரணம் பொய்யாகிவிடுமே! கிறிஸ்துமஸ் குடிலை நாங்கள் பிரிப்பதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். நான் அவள் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கவே இல்லை. வண்டி யாருடையது என்று எனக்கு முதல் நாளே தெரியும். என் சொற்களை அவள் என்னைவிட நன்றாக வாசித்தாள். அவ்வளவுதான். பொறாமைக்கு ஞானத்தின் அங்கியை மாட்டி, ஜெபத்தின் பீடத்தில் ஏற்றினேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "புறணி பேசினேன் சாமி" என்றேன். அவர் பரிகாரமாகச் சில அருள்நிறை மரியே ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். குருவையும் ஏமாற்றியாயிற்று.

போன ஆண்டு தியாகராய நகரில், புடவைக் கடைக் கூட்டத்தின் நடுவே, "அண்ணா!" என்று ஒரு குரல். திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அமலியை விசாரித்தாள். லாசரை விசாரித்தாள். "இன்னும் கூட்டத்துல தூங்குறாரா?" என்று சிரித்தாள். பிறகு, "அம்மா போயிட்டாங்கண்ணா," என்றாள். "ரெண்டு வருஷமாச்சு."

"ரெஜினா... அந்த அக்டோபர்ல நான்..."

"ஐயோ, விடுங்கண்ணா. அதெல்லாம் அம்மா அப்பவே மறந்துட்டாங்க. நானும்தான்." என் கையை ஒரு முறை தொட்டாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

எவ்வளவு இனிமையாகச் சொன்னாள்! எவ்வளவு சரியான இடத்தில் நிறுத்தி, எவ்வளவு சரியாக மூச்சு விட்டு... அதுதான் என் நரகம். அது உள்ளத்திலிருந்து வந்ததா, தொழிலிலிருந்து வந்ததா? அவள் மன்னித்திருக்கலாம். முழு மனத்தோடு மன்னித்திருக்கலாம். அந்தக் குரலை நம்பாதே என்று என் காதுக்கு நானே கற்றுக்கொடுத்துவிட்டேன். அன்று அதே குரல் என்னை விடுவிக்க வந்தபோது, காது வாசலை அடைத்துக்கொண்டது.

அன்பியக் கூட்டங்களில் இப்போது நான் மன்றாட்டுச் சொல்வதில்லை. என் முறை வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். அமைதியாக அடுத்தவருக்குப் போய்விடுகிறது. வயதாக ஆகப் பேச்சே குறைந்துவிட்டது, எப்பேர்ப்பட்ட ஞானம் என்று தெருவில் சொல்கிறார்கள்.

நான் மறுக்கவில்லை.