காலியாகத் திரும்பிய டப்பா

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஓர் அட்டவணை உண்டு. திங்கள் சிறுதானியம், செவ்வாய் கீரை, புதன் பயறு, வியாழன் முட்டை இல்லையென்றால் கொண்டைக்கடலை, வெள்ளி காய்கறிச் சோறு. சிப்ஸ், பிஸ்கட் கொடுத்து அனுப்பினால் டைரியில் சிவப்பு மையில் எழுதுவேன். டப்பா காலியானால் நட்சத்திர ஸ்டிக்கர். போடி பஜாருக்குள் இருக்கும் சின்ன நர்சரிக்கு இவ்வளவு பவுசு தேவையா என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன்.

நான் யு.கே.ஜி. மிஸ், பெயர் ஜெனிபர். காலையில் எழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு கைவேலை. கைவேலையும் பருவத்துக்குத் தக்கபடிதான். ஆடிக் காற்றுக்குக் காகிதக் காற்றாடி, டிசம்பரில் ஓடைப்பட்டி திராட்சைப் பெட்டி அட்டையை வெட்டி நட்சத்திரம், தை பிறந்தால் காகிதக் கரும்பு. எழுத்துக்கும் கைவேலைக்கும் நடுவில் இருக்கும் முக்கால் மணி நேரம் ஆயா ஜக்கம்மாவுடையது. பதினெட்டுப் பிள்ளைகளின் டப்பாவையும் திறந்து, ஊட்ட வேண்டியவர்களுக்கு ஊட்டி, வாய் துடைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் ஸ்டாஃப் ரூமில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

ஜக்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பதினைந்து வயதிலிருந்து மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலை. விடியும் முன் ஜீப்பில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். கணவர் பாண்டீஸ்வரனும் அதே ஜீப்பில்தான் போவார். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் இவருக்குக் காய்ச்சல். கணவர் மட்டும் போனார். மலைப்பாதை வளைவில் ஜீப் உருண்டது. அதன்பின் ஜக்கம்மா மலை ஏறவில்லை, எங்களிடம் ஆயா வேலைக்கு வந்துவிட்டார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. பிள்ளை மேலே வாந்தி எடுத்தாலும் ஒரே முகம், ஆண்டு விழாவில் சேலை எடுத்துக் கொடுத்தாலும் அதே முகம். டீச்சர்கள் எங்களுக்குள் 'கல்லம்மா' என்று பேர் வைத்திருந்தோம். வைத்தது நான்தான்.

அந்த வருட வகுப்பில் ஜெபா என்று ஒரு ஒல்லிக்குச்சிப் பெண். அவள் அம்மா ஜான்சி, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். எங்கள் அட்டவணையை அவர் மதித்த மாதிரி அதைப் போட்ட நானே மதித்ததில்லை. கேழ்வரகு இட்லி, முருங்கைக்கீரைச் சோறு, முளைகட்டிய பாசிப்பயறு என்று ஒருநாளும் தவறாது. அதற்கு மேலே பல்குத்தும் குச்சியில் ஒட்டிய ஒரு காகிதப் பொம்மை நிற்கும். ஆடியில் காற்றாடி, ஆகஸ்டில் கொடி, டிசம்பரில் நட்சத்திரம், எல்லாம் நகத்தளவு. காலையில் டப்பாவைத் திறந்து பார்த்தால் கைவேலை மிஸ்ஸான எனக்கே பொறாமையாக இருக்கும். சாயங்காலம் டப்பா காலி. ஜூனிலிருந்து ஒருநாள் விடாமல் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பிப்ரவரியில் ஒருநாள் பிரேயரில் ஜெபா மயங்கி விழுந்தாள். பரிசோதனையில் உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு என்று வந்தது. மறுநாள் ஜான்சி அந்தப் பரிசோதனைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்.

"டப்பா தெனமும் காலியாத்தான மிஸ் வருது? அப்பறம் திங்கிறதெல்லாம் எங்க போகுது? நான் ஆக்குறது எதுவும் பிள்ளை ஒடம்புல ஒட்டலன்னு அத்தை சொல்றாக. என் கையே சரியில்லையாம். இனிமே அடுப்படிப் பக்கம் வராதங்கிறாக."

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். எனக்கு வேறென்ன தெரியும்? தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஜக்கம்மா குடத்தை இறக்கினார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து மேசையில் வைத்தார். உள்ளே காற்றாடி, கொடி, நட்சத்திரம், கரும்பு. எட்டு மாதக் குச்சிகளும் அப்படியே இருந்தன.

"பிள்ளை தின்னலம்மா. நான்தான் தின்னேன்."

ஜான்சிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"வாயவே தெறக்காது. டப்பா அப்படியே வீட்டுக்குப் போனா பாட்டி அம்மாவை வைவாகன்னு அழுதுச்சு. ஒருநா தின்னேன். மறுநாளும் நீட்டுச்சு, தின்னேன்."

"பசின்னா கேட்டிருக்கலாம்ல ஆயாம்மா?" என்றார் ஜான்சி.

"பசியில்லம்மா." வருகைப் பதிவு வாசிப்பதுபோன்ற குரலில் சொன்னார். "எங்க வீட்டாளு செத்த அன்னிக்கு, தூக்குச்சட்டியப் போலீசுல கொண்டாந்து குடுத்தாக. மூடியே தெறக்கல. காலைல நான் கட்டிக்குடுத்த சோறு அப்படியே இருந்துச்சு. கட்டிவிட்ட சோறு வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாதும்மா."

அந்தச் சோற்றை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"தின்னுட்டேன் மிஸ், நின்னவாக்குல. ருசி தெரியல. அன்னையிலருந்து எதுலயும் ருசி தெரியல. வீட்டுல அடுப்பும் பத்த வைக்கல."

ஜான்சி பாட்டிலைத் திறந்து ஒரு காற்றாடியை எடுத்து ஊதினார். அது சுற்றியது. அவருக்குக் கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்லாவாச்சும் இருந்துச்சா?"

"தெரியலம்மா."

எட்டு மாதம் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்தவருக்குக் கிடைத்த பதில் அது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கரஸ்பாண்டன்ட் ஐயா ஜக்கம்மாவை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். ஒருநாளும் எட்டிப் பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான் என்று சொன்னேன். துணிச்சலில் சொல்லவில்லை, வெட்கத்தில் சொன்னேன். வேலை போனாலும் தனக்கு ஒன்றுதான் என்பதுபோல் ஜக்கம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஜான்சிதான் முடித்துவைத்தார்.

"வேலைய விட்டு நிப்பாட்ட வேணாம் சார். எம்பிள்ளைக்கு மட்டும் இவுக ஊட்டக்கூடாது. இவுக சோத்த இவுகளே ஆக்கிக் கொண்டாந்து திங்கட்டும். எம்பிள்ளை டப்பா முழுசாத் திரும்பி வந்தாலும் சரி. வீட்டுல நான் பேசிக்கிறேன்."

அதில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. போகும்போது பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதிலிருந்து ஜெபாவுக்கு நான் ஊட்டினேன். ஸ்டாஃப் ரூமுக்குப் போவதை விட்டுவிட்டேன். கெஞ்சி, கதை சொல்லி, நாலு வாய் உள்ளே போவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். டைரியில் 'பாதிகூட இல்லை' என்று எழுதினேன். மற்ற பிள்ளைகளைக் கவனித்துவிட்டு ஜக்கம்மா மூலையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். டப்பா எங்கே என்றால், "அடுப்பு முன்னால போயி உக்காந்தேன் மிஸ், பத்த வைக்கல" என்பார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. உள்ளே சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும். பிசைந்து, கையில் எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

ஜெபா என் மடியிலிருந்து இறங்கினாள். தன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். பழைய வேலைதான், டப்பாவை நீட்டப் போகிறாள் என்று எழுந்தேன். அவள் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு ஜக்கம்மாவின் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

ஜக்கம்மா என்னைப் பார்த்தார். ஊட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறதே. நான் தலையாட்டினேன்.

ஒரு வாய் ஊட்டினார். ஜெபா மென்றாள். முகம் கோணியது.

"ஆயா, உப்பு!"

ஜக்கம்மா சட்டியைப் பார்த்தார். ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு மெதுவாக மென்றார். பிறகு இன்னொரு கவளம்.

"ஆமா ஆத்தா," என்றார். "உப்புக் கரிக்குது."

சொன்னதும் அவர் முகம் உடைந்தது. கை முழுக்கச் சோற்றோடு, பதினெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால், வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஜெபா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் டப்பாவிலிருந்த தயிர்க் கிண்ணத்தைத் திறந்து தூக்குச்சட்டியில் கவிழ்த்தாள்.

"தயிர் ஊத்துனா சரியாப் போகும்னு அம்மா சொல்வாக," என்றாள். மறுபடியும் வாயைத் திறந்தாள்.