தப்புப் பதில் இன்றைக்கு யார் முறை?

ஈரக் களிமண் வாசனை... மடியில் ஒரு மலை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற கரி கேஸ் பஸ்ஸில், நான் செய்த மலையை நானே கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் உலக யுத்த காலம், பெட்ரோல் கிடையாது; கரியை எரித்து அந்த கேஸில்தான் ஓட்டுவார்கள். பஸ் முக்கி முனகிப் போகும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மலையில் ஒரு விரிசல் விழுந்தது.

எனக்கு இப்போது தொண்ணூற்றாறு வயது. இதை நான் சொல்லச் சொல்ல மகன் போனில் தட்டுகிறான். நடுநடுவே "அப்படி இருந்திருக்காதும்மா" என்கிறான். நீ பிறக்கவே இல்லை, பேசாமல் தட்டுடா என்றிருக்கிறேன்.

அப்போது நான் பி.டி. மாணவி. இப்போது பி.எட். என்கிறீர்களே, அதுதான். அதற்கு முன் ராஜபாளையத்தில் ட்ரெயினிங் இல்லாமலே டீச்சராக இருந்தேன். ஒருநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டார். "ட்ரெயினிங் பாஸ் பண்ணிட்டு வாங்க, இடம் இருக்கும். இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

எனக்கு அந்த வேலை என்றால் உயிர். மதராஸுக்கு ரயிலேறினேன்.

அங்கே போனதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது... மனோதத்துவம், கல்வி வரலாறு, ஒரு பாடத்துக்கு ஐந்து படிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: டீச்சர் எதையும் சொல்லக் கூடாது, பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். நான் சொல்லாமல் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கேட்கப் பயம். புரிந்த மாதிரி எழுதிக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சை, வகுப்பில் பாடம் நடத்திக் காட்டுவது. சொந்த ஊர்ப் பக்கமே நடத்தலாம் என்றார்கள். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளி, ஐந்தாம் வகுப்பு, "மழை எங்கிருந்து வருகிறது". மதராஸிலிருந்து பேராசிரியை அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதற்காகத்தான் அந்தக் களிமண் மலை.

வகுப்புக்குள் போய் மலையை மேசையில் வைத்தேன். பேராசிரியை அம்மா இன்னும் வரவில்லை. முன் பெஞ்சில் செல்லத்தாய் என்று ஒரு பிள்ளை, எண்ணெய் வழிய இரட்டைச் சடை. எழுந்து நின்றாள்.

"டீச்சர், தப்புப் பதில் யாரு சொல்லணும்?"

"என்னட்டி சொல்லுத?"

"போன வாரம் வந்த டீச்சருக்கு நாந்தான் தப்பாச் சொன்னேன். இன்னிக்கி மேரி முறை."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷம் முழுக்க ட்ரெயினிங் டீச்சர்கள் வந்துகொண்டே இருப்பார்களாம்.

"எல்லாரும் சரியாச் சொல்லிட்டா பின்னால இருக்கவிய ஒண்ணுமே எழுத மாட்டாவ டீச்சர். ஒருத்தி தப்பாச் சொல்லணும். நீங்க திட்டாமத் திருத்தணும். அப்பத்தான் எழுதுவாவ."

கல்லூரியில் ஒரு வருஷம் எனக்குப் புரியாததை அந்தப் பிள்ளை ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. சரி என்பதா, கூடாது என்பதா? யோசிப்பதற்குள் பேராசிரியை அம்மா உள்ளே வந்துவிட்டார்.

பாடத்தை ஆரம்பித்தேன். "மழை எங்கேருந்து வருது?"

மேரி கை தூக்கினாள். மலையடிவாரத்துக் கூமாப்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளை. "மலைக்குள்ள இருந்து டீச்சர்."

அடடா, என்ன அழகான தப்பு! கடல், ஆவி, காற்று, காற்றை மறிக்கிற மலை... ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வரவழைத்தேன். கடைசியில் மேரியிடமே திரும்ப வந்தேன். "இப்பச் சொல்லு, மழை எங்கேருந்து வருது?"

"கடல்லேருந்து டீச்சர்" என்று தலையாட்டினாள்.

பின்னால் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நான் பாஸ்!

மணி அடித்ததும் பேராசிரியை அம்மா இங்கிலீஷில் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் மேரி கன்னத்தைக் கிள்ளினேன். "நல்லாத் தப்பாச் சொன்னட்டி!"

அவள் முகம் சுண்டிப்போனது. "தப்பா? நான் கடைசிக் கேள்விக்குத்தான் தப்பாச் சொல்லலாம்னு இருந்தேன் டீச்சர்... இதைச் சரின்னு நெனச்சுல்லா சொன்னேன்."

"மலைக்குள்ளயா மழை இருக்கு?"

"எங்க ஊர்ல ஒரு பொட்டு மழை இருக்காது. ஓடையில தண்ணி வந்துரும். மலைக்குள்ள இருந்துதான வருது?"

"பொறவு ஏன் கடல்னு சொன்ன?"

"நீங்க திரும்பக் கேட்டீகள்ல... அதான்."

களிமண் மலையின் உச்சியைத் தொட்டுக் காட்டினேன். மேலே மழை பெய்யும், அது கீழே இருக்கிற உங்களுக்குத் தெரியாது, அந்தத் தண்ணீர்தான் ஓடையில் வருகிறது என்று ஐந்து படியும் இல்லாமல் நேராகச் சொன்னேன். சொல்லக் கூடாது என்ற விதி எங்கே போனதோ!

"புரிஞ்சுதாட்டி?"

"புரிஞ்சுது டீச்சர்."

கடல் என்று சொன்னபோது எப்படித் தலையாட்டினாளோ, அதே மாதிரிதான் ஆட்டினாள்.

வேலை கிடைத்தது. ரிடயர் ஆகும்வரை ராஜபாளையத்தில்தான் இருந்தேன். எத்தனையோ பிள்ளைகள் புரிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

இப்போது களிமண் சுமக்க வேண்டாம். மழை எப்படி வருகிறது என்று சுவரிலேயே படம் ஓடுகிறது. நல்லதுதான், பொறாமையாகக்கூட இருக்கிறது. போன வாரம் பி.எட். படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் வந்து கேட்டாள், "பிள்ளைகளுக்கு நிஜமாவே புரிஞ்சிருச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது ஆச்சி?"

தெரியலையேம்மா என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.